சலவை நீர் போகும் வழி

துவைக்கும்போது அழுக்கு துணியை விட்டு நீருக்குப் போகிறது. அந்த நீரோடு வீட்டை விட்டும் வெளியேறுகிறது. அதன்பின் அது எங்கே சேர்கிறது என்பதும் சலவையைச் சேர்ந்த கேள்விதான்.

ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். ஸ்ரீபெரும்புதூர்–சிங்கப்பெருமாள்கோயில் சாலையில், ஒரகடத்துக்கு அருகே உள்ள வல்லக்கோட்டை, முருகன் கோயிலால் பெயர்பெற்ற ஊர். சுற்றிலும் வாகனத் தொழிற்சாலைகள் வந்தபின், ஷிப்ட் முடிந்து வரும் சீருடைகளும் அன்றாடத் துவைப்பில் சேர்ந்துகொண்டன. இது ஏரிகள் நிறைந்த வட்டாரம். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகள் நிரம்பினால் உபரிநீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது; சென்னை குடிக்கும் நீர் அது. பாஸ்பேட் கலந்த சலவைத்தூளின் கழிவு, ஏரியில் பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் உரமாகிறது. அவை மண்டி அழுகும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைந்து மீன்கள் சாகின்றன. ஆகவே பாஸ்பேட் இல்லாத தூளை வாங்குவது முதல் படி.

அடுத்தது அளவு. நுரை பொங்கினால்தான் அழுக்கு போகும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் நுரைக்கும் வெளுப்புக்கும் நேரடித் தொடர்பு இல்லை. தூள் கூடினால் அலசும் நீரும் கூடும். போர்வெல் நீர் உப்பாக இருந்தால் அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிந்துவிடும்; சட்டையில் சாம்பல் நிறப் படிவு தங்கும். அங்கே கூடுதல் சோப்பைவிடச் சிறிது சலவை சோடா நன்றாக உதவும்.

கறையை மட்டும் தனியாகக் கவனித்தால் மீதித் துணிக்குக் குறைந்த தூளே போதும். கிரீஸ் பட்ட கைமடிப்பிலும் வியர்வை படிந்த காலரிலும் பார் சோப்பைத் தேய்த்து அரைமணி நேரம் ஊறவிட்டு, பிரஷால் நான்கு இழுப்பு இழுத்தால், சட்டை முழுவதையும் இரண்டு முறை துவைக்க வேண்டியிருக்காது.

வாஷிங் மெஷினில் துணி நிறையச் சேர்ந்தபின் போடுவதே சிக்கனம். மேலே திறக்கும் மெஷின் ஒருமுறை ஓட 100 லிட்டருக்கு மேலும் நீர் கேட்கும்; முன்கதவு மெஷினுக்கு ஏறத்தாழ அதில் பாதி போதும். ஹீட்டர் உள்ள மெஷினில் மின்சாரத்தின் பெரும்பங்கு நீரைச் சூடாக்கவே செலவாகிறது. நம் ஊர் வெயிலில் குழாய் நீரே அன்றாடத் துணிக்குப் போதும்.

பாலியஸ்டர் துணி ஒவ்வொரு துவைப்பிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகளை உதிர்க்கிறது. கடலில் நேரடியாகச் சேரும் நுண்நெகிழியில் சுமார் 35 சதவீதம் செயற்கைத் துணிச் சலவையிலிருந்து வருவதாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2017இல் மதிப்பிட்டது. ஒருநாள் மட்டும் உடுத்திய, அழுக்கேறாத துணியைக் காற்றாட உலர்த்தி மறுபடி உடுத்துவது இந்த இழை உதிர்வைக் குறைக்கும். துணியும் நீடித்து உழைக்கும்.

உலர்த்தக் கொடியும் வெயிலும் போதும். வெள்ளைத் துணிக்கு வெயிலே வெளுப்பான். சாயத்துணியை உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டால் நிறம் எளிதில் மங்காது.

கடைசியாக, அலசிய நீர். முதல் சோப்பு நீரில் சோடியம் மிகுதி. செடிக்குத் தொடர்ந்து ஊற்றினால் மண் இறுகும். அதைக் கழிவறை கழுவப் பயன்படுத்தலாம். கடைசி அலசல் நீரை வாளியில் பிடித்து வைத்தால் முற்றத்துக்கும், அவ்வப்போது வாழைக்கும் கல்வாழைக்கும் ஆகும்.