மழலையும் முஸல்லாவும்

 

சகோதரி ஒருவர் தம் கணவர் வழியாகக் கேட்டனுப்பிய கேள்வியை முன்வைத்து இதை எழுதுகிறோம். கடற்கரையூரில் ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்து, ஹனஃபீ மத்ஹபைச் சேர்ந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர். பதினெட்டு மாத ஆண் பிள்ளை இருக்கிறது. கணவர் காலை எட்டு மணிக்குப் போனால் இஷாவுக்குத்தான் வீடு திரும்புவார். திருமணத்துக்கு முன் சுப்ஹுக்குப் பின் ஒரு ஜுஸ்வு ஓதாமல் எழுந்ததில்லையாம். இப்போது பர்ளையே அரக்கப் பரக்கத் தொழ வேண்டியிருக்கிறது. உடுப்பில் எந்நேரமும் பிள்ளையின் சிறுநீர். “நாங்களும்தான் பிள்ளை பெற்றோம்” என்று மாமியாரின் சொல் வேறு. எல்லாவற்றையும் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி கேட்டிருக்கிறார்: அல்லாஹ் என்னைத் தன் வாசலிலிருந்து தள்ளிவிட்டானா?

அந்த வரிதான் நம்மை எழுதத் தூண்டியது. மஸ்அலாவை மட்டும் கேட்டிருந்தால் நாலு வரியில் பதில் சொல்லி முடித்திருப்போம்.

இத்தகைய வீட்டில் பொழுது எப்படி விடிகிறது என்பதை ஆண்களாகிய நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். இரவில் இரண்டு மூன்று முறை பிள்ளை பாலுக்கு அழுது எழுப்பியிருக்கும். பாங்குச் சத்தம் கேட்டு எழுந்தால் அதுவும் கூடவே விழித்துக்கொள்ளும். பிறகு துணி மாற்றுவது, கால் கழுவுவது, கஞ்சி கொடுப்பது, கொடுத்ததைத் துப்பினால் தரையைத் துடைப்பது, உலை வைப்பது, நடுவே அது பாத்திரத்தை இழுத்துப் போட்டுக்கொள்ளாமல் பார்ப்பது. ஒளுச் செய்து மக்கனாவைப் போட்டுத் தக்பீர் கட்டினால் வந்து காலைக் கட்டிக்கொள்ளும். ஸுஜூதுக்குப் போனால் முதுகில் ஏறும். செய்த வேலை எதுவும் மாலையில் கண்ணுக்குத் தெரியாது. மறுநாள் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இனி, முதுகில் ஏறும் பிள்ளையிலிருந்தே தொடங்குவோம். நம் நாயகம் (ஸல்) அவர்கள் தம் மகள் ஸைனப் (ரலி) அவர்களின் குழந்தை உமாமாவைச் சுமந்துகொண்டே தொழுதார்கள். ஸுஜூதுக்குப் போகும்போது இறக்கி வைப்பார்கள். நிலைக்கு எழும்போது தூக்கிக்கொள்வார்கள். அபூ கதாதா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. மக்களுக்கு இமாமாக நின்று தொழவைத்தபோதே இப்படிச் செய்தார்கள் என்பது முஸ்லிமின் அறிவிப்பு. இன்னொரு முறை ஒரு ஸுஜூது மிக நீண்டுவிட்டது. பின்னால் நின்ற தோழர்கள் ஏதோ நேர்ந்துவிட்டதென்றும், வஹீ வருகிறதென்றும் எண்ணினார்கள். பேரர் முதுகில் ஏறியிருந்ததாகவும், அவர் ஆசை தீருமுன் அவசரப்படுத்த மனம் வரவில்லை என்றும் தொழுகைக்குப் பின் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். ஏறியவர் ஹஸனா ஹுஸைனா என்பதில்தான் அறிவிப்பாளருக்கு ஐயம். இதை நஸாயீ பதிவு செய்திருக்கிறார்கள். நீட்டித் தொழ நினைத்து நின்றவர்கள், குழந்தையின் அழுகுரல் கேட்டதும் தாயின் மனம் படும் பாட்டை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக்கொண்டதும் உண்டு.

படைப்புகளில் மேலானவர்களின் தொழுகைக்கே பிள்ளையால் குறை வரவில்லையென்றால், இந்தச் சகோதரியின் தொழுகைக்கு எப்படிக் குறை வரும்? பர்ளுகளைப் பேணிச் சிறு சூராக்களை ஓதித் தொழட்டும். அது குறைத் தொழுகையன்று. பிள்ளையைப் பிடித்து ஓரமாக நகர்த்துவது, இறக்கி வைப்பது போன்ற சிறு அசைவுகளால் தொழுகை முறியாது. ஷாஃபிஈ மத்ஹபில் பெரிய அசைவுகள் மூன்று தொடர்ந்து வந்தால் முறிந்துவிடும். ஆதலால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடைவெளி விட வேண்டும். ஹனஃபீ மத்ஹபில், பார்ப்பவர் இவர் தொழுகையில் இல்லை என்று எண்ணும் அளவுக்கு அசைவு மிகுந்தால் முறியும். பிள்ளை மக்கனாவை இழுத்து முடி வெளிப்பட்டால் உடனே மூடிக்கொண்டு தொடரலாம் என்பது ஹனஃபீ சட்டம். ஷாஃபிஈ கிரந்தங்களில் காற்றில் விலகுவதற்கும் பிறர் இழுப்பதற்கும் வேறுபாடு பேசப்பட்டிருப்பதால், ஊசி குத்திக்கொள்வதோ, தலைவழியாக மாட்டும் ஒரே தைப்பான தொழுகை உடையை அணிவதோ பேணுதலாகும். பிள்ளை அடுப்பையோ, தண்ணீர்த் தொட்டியையோ, மாடிப்படியையோ நோக்கிப் போனால் தொழுகையை முறித்துவிட்டு ஓடுவது கடமை. உயிரைக் காத்துவிட்டு வந்து மீண்டும் தொழ வேண்டும். இதில் வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை.

அடுத்தது துப்புரவு. பிள்ளையின் சிறுநீர் நம் மீது பட்டால் ஒளு முறியாது. பால் கொடுத்தாலும் முறியாது. பட்ட இடத்தைக் கழுவினால் போதும். பெண்கள் பலர் ஒளுவையே புதுப்பித்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு வயதுக்குள், பாலைத் தவிர வேறு உணவு உண்ணத் தொடங்காத ஆண் குழந்தையின் சிறுநீர் பட்ட இடத்தில் தண்ணீர் தெளித்தாலே போதும் என்பது, உம்மு கைஸ் (ரலி) அவர்களின் ஹதீஸைக் கொண்டு ஷாஃபிஈ மத்ஹபில் உள்ள சலுகை. ஹனஃபீ மத்ஹபில் கழுவித்தான் ஆக வேண்டும். கேள்வி கேட்ட சகோதரியின் பிள்ளையோ சோறு தின்னும் பிள்ளை. இரு மத்ஹபிலும் கழுவ வேண்டியதுதான். டயப்பரில் சிறுநீர் இருப்பது உறுதியாகத் தெரிந்தால் அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தொழக் கூடாது. தெரியாதபோது, பிள்ளைகளின் உடலும் உடுப்பும் சுத்தம் என்றே கொள்ள வேண்டும். உமாமா ஹதீஸிலிருந்து இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எடுத்துக்காட்டும் சட்டம் இது.

கால் கழுவிவிடும்போது ஒளு முறியுமா என்பதில்தான் அந்த வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் பிணக்கு. இருவர் சொல்வதும் சரியே! திரையின்றி உள்ளங்கையாலோ விரல்களின் உட்புறத்தாலோ மறைவுறுப்பைத் தொட்டால், அது சிறு பிள்ளையுடையதாக இருந்தாலும் ஷாஃபிஈ மத்ஹபில் ஒளு முறியும். ஹனஃபீ மத்ஹபில் முறியாது. மாமியார் தம் இமாமின் சட்டத்தைச் சொல்கிறார். மருமகள் தம் இமாமின் சட்டத்தைப் பேணுகிறார். இதற்காக ஒருவரையொருவர் ஏளனம் செய்வது இரு இமாம்களின் பெயராலும் தகாது. ஒரு துணியைக் கையில் சுற்றிக்கொண்டு கழுவினால் இந்தச் சிரமமே இல்லை. அதுவும் முடியாமல் ஹனஃபீ மத்ஹபைத் தக்லீது செய்வதானால், அந்த ஒளுவில் தலையின் கால் பங்குக்கு மஸ்ஹு செய்திருக்க வேண்டும். இரத்தம் வழிந்தால் முறியும் என்பது போன்ற அவர்களின் மற்றச் சட்டங்களையும் ஏற்க வேண்டும். சலுகையை மட்டும் பொறுக்கிக்கொள்ள முடியாது.

தரையில் பிள்ளை சிறுநீர் கழித்துவிட்டால் வீடு முழுவதையும் கழுவும் தாய்மார்களை நாம் அறிவோம். முதலில் துணியால் ஒற்றியெடுத்துவிட்டு, அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றித் துடைத்தால் போதும். நாட்டுப்புறத்து அரபி ஒருவர் நாயகத்தின் மஸ்ஜிதுக்குள்ளேயே சிறுநீர் கழித்தபோது, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் சொன்னதோடு காரியம் முடிந்தது. அதற்கு மேல் கழுவத் தூண்டுவது வஸ்வாஸ். பிள்ளைத்தாய்ச்சியின் களைப்பில் ஷைத்தானுக்கு இது எளிய வழி. கழுவியே சோரவைத்து, கடைசியில் தொழுகையையே வெறுக்கச் செய்துவிடுவான்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளை தூங்கட்டும், தொழலாம் என்று காத்திருப்பதில்தான் பல தொழுகைகள் களாவாகின்றன. பிள்ளையைத் தட்டித் தூங்கவைக்கும் தாயும் தூங்கிவிடுகிறாள். குறிப்பாக இஷா. பாங்கு சொன்னவுடன் தொழுதுவிட்டுப் பிறகு பிள்ளையைத் தூங்கவைப்பதே நலம்; இஷாவுக்கு முன் தூங்குவதை நாயகம் (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள். மஃரிபோ நேரம் குறுகியது. பிள்ளைகள் சிணுங்கும் பொழுதும் அதுதான். சூரியன் மறையுமுன்பே பிள்ளைக்கு ஊட்டி முடித்துவிட்டால் பாதி அழுகை குறையும். அந்திப் பொழுதில் பிள்ளைகளை வெளியே விடாமல் வைத்துக்கொள்ளும்படி ஹதீஸிலும் வந்திருக்கிறது. தொழுகிற வரை சும்மா இருக்கட்டும் என்று கைப்பேசியைக் கொடுத்துவிடும் வழக்கம் இப்போது பரவி வருகிறது. அதை ஹராம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் பத்து நிமிடத்துக்கென்று கொடுத்தது பத்து நிமிடத்தில் திரும்பி வருவதில்லை. அதைவிடப் பிள்ளை முதுகில் ஏறுவது மேல்.

விட்டுப்போன ஜுஸ்வைப் பற்றி அவருக்கு மிகுந்த வருத்தம். நல்ல வருத்தம்தான். எனினும் ஒரு நிகழ்ச்சியை எண்ணிப் பார்க்கட்டும். ஏழைப் பெண்ணொருத்தி இரண்டு பெண் மக்களோடு அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் வந்தாள். அன்னையவர்கள் மூன்று பேரீத்தம்பழம் கொடுத்தார்கள். மக்களுக்கு ஆளுக்கொன்றைக் கொடுத்துவிட்டு மூன்றாவதைத் தன் வாயருகே கொண்டுபோனாள். மக்கள் அதையும் கேட்டார்கள். இரண்டாகப் பிளந்து கொடுத்துவிட்டாள். அவள் செயல் அன்னையவர்களுக்கு வியப்பாயிருந்தது. நாயகம் (ஸல்) அவர்களிடம் சொன்னபோது, அதன் பொருட்டு அல்லாஹ் அவளுக்குச் சுவனத்தை உறுதியாக்கிவிட்டான் என்ற நற்செய்தி கிடைத்தது. முஸ்லிமில் உள்ளது இது. அவள் ஜுஸ்வு ஓதியதாக அதில் இல்லை. தன் வாய்க்குப் போன பழத்தைப் பிளந்து கொடுத்தாள். இந்தச் சகோதரி ஆறிப்போன சோற்றை எத்தனை நாள் பாதியில் விட்டுவிட்டு எழுந்திருப்பார்?

திரிகைக்கல் சுற்றிக் கை காய்த்துப்போன அன்னை பாத்திமா (ரலி) அவர்கள் பணியாள் கேட்டு வந்தபோது, படுக்கைக்குப் போகுமுன் ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்து லில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 என ஓதும்படி கற்றுக்கொடுக்கப்பட்டது. அதற்கு முஸ்ஹபும் வேண்டாம், கை ஓய்வும் வேண்டாம். பிள்ளையைத் தட்டிக்கொண்டே ஓதலாம். பாலூட்டும் ஒவ்வொரு மிடறுக்கும் இன்ன இன்ன நன்மை என்று துண்டுப் பிரசுரங்களிலும் கைப்பேசிகளிலும் சுற்றும் செய்திகள் ஹதீஸ்கலை அறிஞர்கள் ஏற்காதவை. ஆதாரமுள்ளவை இவ்வளவு இருக்க, அவை நமக்கு எதற்கு?

இனிக் கணவரிடம் பேச வேண்டும். கேள்வியைக் கொண்டுவந்தவரே அவர்தாமே. நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அஸ்வத் (ரஹ்) அவர்கள் கேட்டபோது, குடும்பத்தாரின் வேலையில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்பட்டுவிடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்னார்கள். நாமோ அந்த ஹதீஸின் பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டோம்! இஷா ஜமாஅத் முடிந்து பள்ளி வாசலில் அரைமணி நேரம் பேசி நிற்பவர், அந்த அரைமணியில் வீட்டுக்கு வந்து பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டால், மனைவி தன் தொழுகையை நிதானமாகத் தொழுது கால் ஜுஸ்வும் ஓதியிருப்பாள். அவளுடைய ஓதலை விழுங்கியது பிள்ளை மட்டுமல்ல. அல்பகராவின் 233ஆவது வசனத்தில், பால் மறக்கடிப்பதைக்கூடத் தாயும் தந்தையும் கலந்து பேசி, இருவரும் மனமொப்பிச் செய்யும் காரியமாகவே அல்லாஹ் வைத்திருக்கிறான். பிள்ளை வளர்ப்பு பெண்ணின் வேலை என்று ஒதுங்குவோர் அந்த வசனத்தை ஒரு முறை பொருளுணர்ந்து ஓதட்டும்.

வாசலிலிருந்து தள்ளப்பட்டவர்களுக்கு இப்படியொரு கவலை வராது, சகோதரியே. வாசலில் நிற்பவர்களுக்குத்தான் வரும்.

கடிதத்தின் ஓரத்தில் நோன்பைப் பற்றியும் கேட்டிருக்கிறார். பாலூட்டும் தாய், தனக்கோ பிள்ளைக்கோ கேடு வரும் என்று அஞ்சினால் ரமளான் நோன்பை விடலாம். பின்னர் களாச் செய்ய வேண்டும். ஹனஃபீ மத்ஹபில் அவ்வளவுதான். ஷாஃபிஈ மத்ஹபில், பிள்ளைக்காக மட்டும் அஞ்சி விட்டிருந்தால் களாவோடு நாளொன்றுக்கு ஒரு முத்து அளவு அரிசியும் ஏழைக்குக் கொடுக்க வேண்டும். தனக்காகவோ இருவருக்காகவோ அஞ்சி விட்டிருந்தால் களா மட்டுமே. கர்ப்ப காலத்தில் ஒரு ரமளான், பால் கொடுக்கும் காலத்தில் ஒரு ரமளான் என்று சேர்ந்துவிட்ட நோன்புகளை ஒரேயடியாக நோற்க வேண்டுமென்பதில்லை. பால் குறையாதபடி வாரத்துக்கு ஒன்றிரண்டாக நோற்று வரலாம். எத்தனை நோன்பு எதற்காக விடப்பட்டது என்று ஒரு தாளில் எழுதி, உள்ளூர் ஆலிமிடம் காட்டிக் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளவும்.