விடுமுறையும் விடுபட்ட பிள்ளைகளும்

 

அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். அவனது சாந்தியும் சமாதானமும் கண்மணி நாயகம் முஹம்மது ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

சித்திரை வெயில் திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறையைச் சுட்டெரிக்கும் காலம் இது. பரீட்சை முடிந்து பள்ளிக்கூடங்கள் பூட்டப்பட்டுவிட்டன. ஜூன் வரை பிள்ளைகளுக்கு வேலையில்லை. பகலெல்லாம் வீட்டுக்குள் வெந்து கிடக்கும் வாலிபப் பிள்ளைகள், இஷாவுக்குப் பிறகு காற்று கொஞ்சம் குளிர்ந்ததும் தெருவுக்கு வருகிறார்கள். நான்கு பேர் எட்டுப் பேராகிறார்கள். பேச்சு கூச்சலாகிறது. மோட்டார் சைக்கிள் முறுக்கப்படுகிறது. நள்ளிரவு தாண்டியும் ஓசை அடங்குவதில்லை. சுபுஹு பாங்கு சொல்லும்போது அவர்கள் அப்போதுதான் படுத்திருப்பார்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு விடுமுறையில், நம் பள்ளிவாசலுக்கு எதிர்த் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நம்மிடம் வந்தார். மாற்று மதச் சகோதரர். அவருடைய மனைவி நோயாளி. "ஹஜ்ரத், ஒரு வாரமாக அவள் தூங்கவில்லை. போலீசில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அத்தனை பேரும் நம் தெருவில் வளர்ந்த பிள்ளைகள். நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றார். அவர் கோபமாகப் பேசியிருந்தால் நமக்கு அவ்வளவு வலித்திருக்காது. அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி நாம் எத்தனை ஜும்ஆக்களில் பேசியிருக்கிறோம்! அந்த உரிமையை ஒருவர் நம் வாசலில் வந்து கெஞ்சிக் கேட்கும்படி ஆகிவிட்டதே என்று தலைகுனிந்தோம்.

அந்த வெட்கத்தில் நாம் ஒரு தவறு செய்தோம். மறைக்காமல் சொல்கிறோம். அடுத்த ஜும்ஆவில் மிம்பரில் ஏறி, பெயர் சொல்லாமல், ஆனால் யார் என்று எல்லோருக்கும் புரியும்படி, அந்தப் பிள்ளைகளைச் சாடினோம். பெரியவர்கள் தலையை ஆட்டினார்கள். தொழுகை முடிந்ததும் "இப்படித்தான் சொல்ல வேண்டும் ஹஜ்ரத்" என்று முத்தவல்லியும் பாராட்டினார். மறு வாரம் பார்த்தோம். அந்தப் பிள்ளைகளில் ஐந்து பேர் ஜும்ஆவுக்கே வரவில்லை. தெருச் சத்தமும் குறையவில்லை. தெருவைத் திருத்தப் புறப்பட்டு, பள்ளிவாசலிலிருந்து ஐந்து பேரை வெளியேற்றினோம். இதுதான் நாம் கண்ட பலன்.

பிறகு ஓர் இரவு அவர்கள் உட்கார்ந்திருந்த கல்லிலேயே போய் நாமும் உட்கார்ந்தோம். முதலில் யாரும் பேசவில்லை. கடைசியில் பதினாறு வயதுப் பிள்ளை ஒருவன் வாய் திறந்தான்: "ஹஜ்ரத், வீட்டில் ஒரே அறை. அதில் அத்தா, அம்மா, தங்கச்சிகள். பள்ளிவாசலில் உட்கார்ந்தால் விளக்கை அணைத்து எழுப்பிவிடுகிறார்கள். தெருவில் உட்கார்ந்தால் ஏசுகிறார்கள். நாங்கள் எங்கேதான் உட்காருவது?"

நம்மிடம் பதில் இல்லை. வீடு திரும்பி ஹதீஸ் கிதாபைத் திறந்தபோதுதான் உறைத்தது. இதே கேள்வியைப் பெருமானார் (ஸல்) அவர்களிடமே ஸஹாபாக்கள் கேட்டிருக்கிறார்கள்!

பாதைகளில் உட்காருவதைத் தவிர்த்துக்கொள்ளுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களை எச்சரித்தார்கள். தோழர்களோ, எங்களுக்கு அதைவிட்டால் உட்கார்ந்து பேச வேறு இடமில்லையே என்று முறையிட்டார்கள். அண்ணலார் அவர்களை அதட்டவில்லை; எழுப்பி விரட்டவில்லை. வேறு வழியில்லையென்றால் பாதைக்குரிய உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்று அருளினார்கள். என்ன உரிமை? பார்வையைத் தாழ்த்துதல், பிறருக்குத் தொல்லை தராதிருத்தல், ஸலாமுக்குப் பதிலுரைத்தல், நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல். அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது.

சிந்தித்துப் பாருங்கள்! தோழர்களின் நியாயத்தை அண்ணலார் ஏற்றார்கள். கூடவே பொறுப்பையும் சுமத்தினார்கள். நம்மில் ஒரு சாரார் நியாயத்தைக் கேட்க மறுக்கிறோம். இன்னொரு சாரார், விடலைப் பருவம்தானே என்று பொறுப்பைச் சுமத்த மறுக்கிறோம். இரண்டும் ஸுன்னத்துக்கு மாற்றமானவை.

விளையாட்டும் உல்லாசமும் கூடாதென்று மார்க்கம் சொல்லவில்லை. பெருநாளன்று அபிஸீனியர்கள் மஸ்ஜிதுந் நபவியிலேயே ஈட்டி விளையாட்டு ஆடியபோது, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஆசைதீரப் பார்க்கும்வரை பெருமானார் (ஸல்) அவர்கள் மறைப்பாக நின்றுகொண்டிருந்தார்கள். எனவே, திண்டுக்கல் வெயிலுக்குப் பயந்து வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் மலையேறும் குடும்பத்தை நாம் குறை சொல்லமாட்டோம். அல்லாஹ்வின் படைப்பைக் கண்டு அவனை நினைப்பதும் இபாதத்தே.

ஆனால் அங்கே போய் நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் என்னும் வெள்ளையர் 1863ஆம் ஆண்டு உருவாக்கிய ஏரி அது. அதன் கரைப்பாதையில் குழந்தைகளும் முதியவர்களும் நடக்கிறார்கள். தாய்மார்கள் பிள்ளைகளுக்கு சைக்கிள் பழக்குகிறார்கள். வாடகை வேனில் வந்திறங்கும் வாலிபர் கூட்டம் பாட்டைப் பெருங்குரலில் அலறவிட்டுக்கொண்டு அவர்களிடையே பாய்கிறது. அருவிக்கரையில் பாட்டிலை உடைத்துப் போடுகிறது. அந்தக் கண்ணாடி, பின்னால் வரும் குழந்தையின் காலையும் கிழிக்கும். இரவில் இறங்கிவரும் காட்டெருமையின் குளம்பையும் கிழிக்கும். மக்கள் நடக்கும் பாதையையும், ஒதுங்கும் நிழலையும், நீர்நிலையையும் அசுத்தம் செய்வது சாபத்தைத் தேடித்தரும் என்று நபிகள் நாயகம் எச்சரித்துள்ளார்கள். பாதை, நிழல், தண்ணீர் இம்மூன்றும் சேர்ந்ததுதானே அந்த மலை!

2024ஆம் ஆண்டு மே 7ஆம் தேதி முதல், சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவுப்படி, கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் செல்லும் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை கொண்டுவரப்பட்டது. எத்தனை பேர், எந்த வண்டி, எத்தனை நாள், எங்கே தங்கல் என்றெல்லாம் அதில் விவரம் கேட்கப்பட்டது. மலையைக் காக்க அரசாங்கம் கேட்கும் இந்த நான்கு கேள்விகளையாவது, மகனைக் காக்க வேண்டிய தகப்பன் கேட்டானா? "நண்பர்களோடு போகிறேன்" என்றான் மகன். "சரி" என்றார் அத்தா. எந்த நண்பர்கள்? எங்கே தங்கல்? என்றைக்குத் திரும்புவது? ஒன்றும் தெரியாது. தம்மையும் தம் குடும்பத்தாரையும் நரக நெருப்பிலிருந்து காத்துக்கொள்ளும்படி ஸூரத்துத் தஹ்ரீமில் அல்லாஹ் முஃமின்களுக்குக் கட்டளையிடுகிறான். கேள்வியே கேட்காதவர் எப்படிக் காப்பார்?

கொடைக்கானலில் குணா குகை என்று அழைக்கப்படும் இடத்தை அறிவீர்கள். 2006ஆம் ஆண்டு கேரளத்திலிருந்து சுற்றுலா வந்த வாலிபர் குழு ஒன்று தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் சென்றது. அவர்களில் ஒருவர் ஆழமான பாறைப் பிளவுக்குள் விழுந்துவிட்டார். நண்பர் ஒருவர் கயிற்றைக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கி அவரை உயிரோடு மீட்டார். அந்த நட்பு போற்றத்தக்கது. அதைக் கதையாக்கி 2024இல் ஒரு திரைப்படம் வெளிவந்தது. அதன் பிறகு நடந்ததென்ன? அதே ஆண்டில் சில வாலிபர்கள் தடுப்பைத் தாண்டி உள்ளே நுழைந்து, வனத்துறையினரால் கைது செய்யப்பட்டார்கள். நட்பின் தியாகத்தைக் கற்க வேண்டியவர்கள் வேலி தாண்டுவதைக் கற்றார்கள். வாலிபத்தின் வீரம் அல்லாஹ் தந்த நிஃமத். அது எந்தப் பக்கம் பாய வேண்டுமென்று காட்டுவது பெரியவர்களின் கடமை.

இனி மோட்டார் சைக்கிளுக்கு வருவோம். அத்தா வளைகுடாவில் இருக்கிறார். பத்தாம் வகுப்புத் தேறிய மகனுக்குப் போனிலேயே வண்டி வாங்கித் தருகிறார். பக்கத்தில் இல்லாத குறையை இரும்பைக் கொண்டு ஈடுகட்ட நினைக்கிறார். அந்தத் தகப்பனின் பாசத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கேளுங்கள்:

உஹத் யுத்தத்துக்குச் செல்ல இப்னு உமர் (ரலி) அவர்கள் முன்வந்தபோது அவர்களுக்கு வயது 14. நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதிக்கவில்லை. அகழ் யுத்தத்தின்போது வயது 15, அனுமதித்தார்கள். அல்லாஹ்வின் பாதையில் உயிரைத் தர வந்த பிள்ளையையே, இன்னும் காலம் வரவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள் நம் நபி. அப்படியிருக்க, தெருவில் பந்தயம் ஓட்டக் கேட்கும் பிள்ளைக்கு "இல்லை" என்று சொல்ல நமக்கு நாக்கு எழவில்லையே! மறுப்பதும் ஒரு பாசம்தான். இப்னு உமர் (ரலி) அவர்களை அந்த மறுப்பு சிறுமைப்படுத்தவில்லை. உம்மத்தின் பெரும் இமாம்களில் ஒருவராக அவர்கள் உயர்ந்தார்கள்.

2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199-ஏ பிரிவையும் அறிந்துகொள்ளுங்கள். பதினெட்டு நிறையாத பிள்ளை சட்டத்தை மீறி வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்றாண்டு வரை சிறை. 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது. ஒவ்வொருவரும் மேய்ப்பரே, தம் பொறுப்பிலுள்ளோரைப் பற்றி மறுமையில் விசாரிக்கப்படுவார் என்று நாயகம் அவர்கள் 1400 ஆண்டுகளுக்கு முன் சொன்னதை, நம் நாட்டுச் சட்டமும் இந்த ஒரு விஷயத்தில் சொல்லிவிட்டது. இங்கே தப்பினாலும் அங்கே தப்ப முடியாது.

வாலிபர்களைப் பெருமானார் எப்படி நடத்தினார்கள் என்பதற்கு இன்னும் ஒரு சான்று. மாலிக் பின் ஹுவைரிஸ் (ரலி) அவர்களும் ஏறத்தாழ ஒரே வயதுடைய வாலிபர் சிலரும் மதீனாவுக்கு வந்து இருபது இரவுகள் தங்கினார்கள். அவர்களுக்கு வீட்டு நினைவு வந்துவிட்டதை அண்ணலார் தாமே உணர்ந்து, வீட்டில் யார் யாரை விட்டு வந்தீர்கள் என்று பரிவோடு விசாரித்தார்கள். ஊர் திரும்பிக் குடும்பத்தாருடன் இருந்து அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும்படி அனுப்பிவைத்தார்கள். ஒருவர் பாங்கு சொல்லட்டும், மூத்தவர் தொழவைக்கட்டும் என்று பொறுப்பும் கொடுத்தார்கள். முதலில் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு விசாரித்தார்கள், பிறகு வேலை கொடுத்தார்கள். நாமோ முகத்தைப் பார்க்காமல், விசாரிக்காமல், நேரே தீர்ப்பு எழுதிவிட்டோம்.

அந்த ஐந்து பிள்ளைகளின் வீட்டுக்கும் நாம் போனோம். மிம்பரில் பேசியதற்காக அவர்களிடம் வருத்தம் தெரிவித்தோம். ஆலிம் ஒருவர் பிள்ளைகளிடம் வருத்தம் தெரிவிப்பதா என்று சிலர் கேட்டார்கள். தவறு செய்தவர் யாராயிருந்தால் என்ன? பிறகு முத்தவல்லியிடம் பேசி, மதரஸா கூடத்தை இஷாவுக்குப் பின் இரவு பத்தரை வரை திறந்து வைக்க ஏற்பாடு செய்தோம். மின்விசிறி உண்டு, தண்ணீர் உண்டு, பேச்சுக்குத் தடையில்லை. சாவி அந்தப் பதினாறு வயதுப் பிள்ளையின் கையில். பூட்டுக்குப் பேர்போன ஊரில், நம்பிச் சாவி கொடுத்தால்தான் பிள்ளை பொறுப்பாளி ஆவான் என்பதை நாம் தாமதமாகத்தான் புரிந்துகொண்டோம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டோம். ஐந்து பேரில் மூன்று பேர் வந்தார்கள். இருவர் இன்னும் வரவில்லை. அவர்களுக்காக துஆச் செய்கிறோம், வழியில் கண்டால் நாமே முதலில் ஸலாம் சொல்கிறோம். அந்த மூவரும் ஒரு நாள் தாமாகவே ஆசிரியர் வீட்டுக்குப் போய், அம்மாவின் உடல்நிலையை விசாரித்து வந்தார்கள். யார் சொல்லிப் போனீர்கள் என்று கேட்டோம். "பாதைக்கு உரிமை உண்டு என்று நீங்கள்தானே சொன்னீர்கள்" என்றான் ஒருவன்.

ஆகவே, பெற்றோர்களே! இந்த விடுமுறையில் இவற்றையாவது கடைப்பிடியுங்கள். பிள்ளை எங்கே போகிறான், யாருடன் போகிறான் என்று கேளுங்கள். அதட்டிக் கேட்காமல் அன்போடு கேளுங்கள். வீடு திரும்ப ஒரு நேரம் குறியுங்கள். வயது நிரம்பும்வரை வண்டிச் சாவியை உங்களிடமே வைத்திருங்கள். இரவுச் சாப்பாட்டை ஒரே ஸஹனில் பிள்ளைகளோடு சேர்ந்து உண்ணுங்கள். கடல் கடந்திருக்கும் அத்தாமார்கள், பணம் வந்ததா என்று கேட்கும் முன், சுபுஹு தொழுதாயா என்று கேளுங்கள். ஜமாஅத்தார்களே! பிள்ளைகள் உட்கார ஓர் இடம் கொடுங்கள். நாம் இடம் கொடுக்காவிட்டால், ஷைத்தான் கொடுப்பான்.

வாலிபர்களே! குகைத் தோழர்களைப் பற்றித் திருமறை பேசும்போது, அவர்களை இரட்சகன் மீது ஈமான் கொண்ட வாலிபர்கள் என்றே அல்லாஹ் சிறப்பித்துக் கூறுகிறான். உங்கள் பருவத்தை அவன் இழிவாகச் சொல்லவில்லை. நீங்களும் அதை இழிவாக்கிவிடாதீர்கள். உங்கள் சிரிப்பு ஒரு நோயாளியின் தூக்கத்தைக் கெடுக்காமலிருந்தால், அதுவும் உங்களுக்கு ஒரு ஸதக்காவாகும்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாக ஆக்குவானாக! அவர்களிடம் கனிவோடு நடக்கும் தன்மையை நமக்கும், பிறருக்குத் தொல்லை தராத பண்பை அவர்களுக்கும் தந்தருள்வானாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.