முள் அசையாத வாரங்கள்

(ஆண்டின் பொதுக்காலம் 19ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு. முதல் வாசகம்: 1 அரசர்கள் 19:4-8)



கர்மேல் மலையில் அத்தனை பெரிய வெற்றி கண்ட எலியா, கொஞ்ச நாளிலேயே பாலைநிலத்தில் ஒரு சூரைச்செடிக்கு அடியில் உட்கார்ந்து, இனி வாழ வேண்டாம் என்று மன்றாடுகிறார். கடவுள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. புத்திமதியும் சொல்லவில்லை. தணலில் சுட்ட அப்பமும் குடிக்கத் தண்ணீரும் வானதூதர் வழியாக அனுப்புகிறார். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார். வானதூதர் அதற்கும் கோபப்படாமல் இரண்டாம் முறை வந்து எழுப்பி, போக வேண்டிய வழி நீளம் என்று சொல்லி மீண்டும் சாப்பிட வைக்கிறார்.

நம் பங்கிலேயே சூரைச்செடிக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். ராஜபாளையத்தில் மில்லில் நைட் ஷிப்டு பார்க்கிறவர்கள், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறியோடு நிற்கிறவர்கள், வீட்டையும் வேலையையும் சேர்த்து இழுக்கிற தாய்மார்கள். சர்க்கரை எல்லையில் நிற்கிறது, எடையைக் குறையுங்கள் என்று டாக்டர் சொல்ல, வைராக்கியமாக ஆரம்பித்தவர்கள். ஒரு அக்கா என்னிடம் சொன்னார்: “மொத மாசம் கடகடன்னு எறங்குச்சு சாமி. இப்ப முள்ளு அசையவே மாட்டேங்குது. கடவுளுக்கே என்மேல வெறுப்பு வந்துருச்சோ என்னமோ.”

கடைசியாகச் சொன்னாரே, அதுதான் என்னை உறங்கவிடவில்லை.

அக்கா, உங்கள் உடம்பு உங்களை ஏமாற்றவில்லை. முதல் வாரங்களில் இறங்கியதில் தண்ணீருக்குப் பெரிய பங்கு உண்டு. ஈரலிலும் தசையிலும் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து, தன்னைப் போல மூன்று மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைக் குறைத்ததும் இரண்டும் சேர்ந்து போய்விடுகின்றன. அதன் பிறகு கொழுப்பு மெதுவாகத்தான் கரையும். மெலிந்த உடம்புக்குச் சக்திச் செலவும் குறைவு. போன மாதம் எடையைக் குறைத்த அதே சாப்பாடு இந்த மாதம் எடையை அப்படியே நிறுத்திவைக்கும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரின்போது, ஆயுதம் எடுக்க மனச்சாட்சி ஒப்பாத 36 இளைஞர்கள் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தாங்களாகவே பட்டினிக்கு முன்வந்தார்கள். அவர்களில் பலர் சமாதானத்தைப் போதிக்கும் திருச்சபைகளைச் சேர்ந்தவர்கள். பஞ்சத்தில் வாடும் மக்களை எப்படித் தேற்றுவது என்று மருத்துவ உலகம் கற்றுக்கொள்ள, 1945இல் 24 வாரம் அரைவயிற்றோடு இருந்தார்கள். உடல் எடையில் ஏறக்குறைய கால்பங்கு போயிற்று. நாடித்துடிப்பு மெதுவானது, ஓய்வில் உடல் செலவழிக்கும் சக்தி ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. பஞ்சம் வந்துவிட்டது என்று எண்ணி, உடம்பு விளக்கைத் தணித்துக்கொண்டு உயிரைக் காத்தது. உங்களுக்கு நடப்பது அவ்வளவு கடுமையானதல்ல, ஆனால் அதே வகைதான். தாது வருடப் பஞ்சத்தில் நம் முன்னோர் சிலரையாவது பிழைக்க வைத்ததும் இந்த ஏற்பாடாகத்தான் இருக்கும். படைத்தவரின் இரக்கத்தையா அவருடைய வெறுப்பு என்று நினைக்கிறீர்கள்?

முள் நின்றால் பலனும் நின்றுவிட்டது என்று ஆகாது. இதை நம் சென்னையிலேயே பார்த்திருக்கிறார்கள். மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நீரிழிவின் எல்லையில் இருந்த 531 பேரை ஏறக்குறைய மூன்று ஆண்டு கவனித்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கம்போல இருந்தவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. தினமும் அரைமணி நேரம் நடந்து, சர்க்கரையையும் தீட்டிய தானியத்தையும் எண்ணெயையும் குறைத்துக்கொண்டவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கு வந்தது. இவர்களுக்கும் எடை சொல்லும்படி குறையவில்லை! எடை மிஷினுக்குத் தெரியாத இடத்தில், ரத்தத்துக்குள், அந்த நடை வேலை செய்துகொண்டிருந்தது.

ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் ஓடுவதை நாம் எல்லோரும் பார்த்தவர்கள். ரத வீதி மூலையில் அது நின்றுவிட்டால் யாரும் வடத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவதில்லை. சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பவர்கள் குனிந்து, இடம் பார்த்து, கட்டையை மாற்றி வைப்பார்கள். நீங்களும் அப்படிப் பாருங்கள். சோற்றின் அளவை மறுபடி அளந்து பாருங்கள். பருப்பு, முட்டை, மீன், காய் கூடட்டும். ஷிப்டு நடுவே குடிக்கும் டீயில் சர்க்கரை எத்தனை கரண்டி? வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள். இடுப்பை நாடாவால் அளந்து எழுதி வையுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் தைராய்டு கோளாறு இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

பட்டினி மட்டும் வேண்டாம். எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம் இது. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் மதியம்வரை கிடந்து, பிறகு பிள்ளைகள் தட்டில் விட்டுவைத்த பாதி இட்லியையும் சட்டியில் ஒட்டிய சோற்றையும், வீணாகக் கூடாதே என்று நின்றுகொண்டே வழித்துச் சாப்பிடுகிற தாய்மார்கள் எத்தனை பேர்! உங்களுக்கென்று ஒரு தட்டு எடுத்து, உட்கார்ந்து சாப்பிடுங்கள். எலியாவுக்கென்றே அவருடைய தலைமாட்டில் அப்பம் இருந்தது. மிச்சத்தைப் பொறுக்கிக்கொள்ள வானதூதர் சொல்லவில்லை. தவக்காலத்தில் நாம் இருக்கும் நோன்பு அன்பிலிருந்து வருவது. தன் உடம்பின்மேல் உள்ள கோபத்தில் கிடக்கும் பட்டினி நோன்பாகாது. சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் நோன்புகூட இருக்க வேண்டாம்.

விருந்தாளி வாங்கி வந்த பால்கோவாவில் ஒரு கரண்டி எடுத்துவிட்டு, அதைப் பாவசங்கீர்த்தனத்தில் கொண்டுவந்து அழுகிறவர்களும் உண்டு. அது பாவமில்லை. அடுத்த வேளை ஒழுங்காகச் சாப்பிடுங்கள், போதும்.

வாசகத்துக்குச் சற்று முன்னால் உள்ள ஒரு வரியை வீட்டில் விவிலியத்தைத் திறந்து பாருங்கள். எலியா தன் பணியாளரைப் பெயேர்செபாவிலேயே விட்டுவிட்டுத் தனியாகப் பாலைநிலத்துக்குள் போகிறார். கூட யாரும் இல்லாத இடத்தில்தான் சாவைக் கேட்கும் அளவுக்கு மனம் சோர்ந்தது. ஆகவே பூசை முடிந்து வாசலில் பேசிக்கொள்ளும்போது, “எவ்வளவு குறைஞ்சிருக்கு?” என்று யாரையும் கேட்காதீர்கள். “நாளைக்கு எப்ப நடக்கப் போறீங்க, நானும் வரட்டுமா?” என்று கேளுங்கள். காலை ஐந்தரைக்கு ஆலய முற்றத்திலிருந்து கிளம்பலாம். நைட் ஷிப்டு முடித்து வருகிறவர்களுக்காகச் சாயங்காலம் ஆறு மணிக்கும் ஒரு நடை வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் நான் வருகிறேன்.