யாரும் அறியாத ஊரில்

தன்னை ஒருவரும் அறியாத நகரில் மனிதன் எதையும் செய்யலாம் அல்லவா? பயணம் செல்லும் இளைஞர் பலரின் உள்ளத்தில் எழும் கேள்வி இது.

கொல்கத்தாவின் டாலிகஞ்ச் வேற்றூரார் பலரைக் கண்ட பகுதி. 1806-இல் வேலூரில் நிகழ்ந்த சிப்பாய்ப் புரட்சிக்குப் பின், அங்குள்ள கோட்டையில் இருந்த திப்பு சுல்தானின் மைந்தர்கள் டாலிகஞ்சில் குடியமர்த்தப்பட்டனர். ஊர் புதிது, ஆனால் ஆங்கிலேயரின் கண்காணிப்பு உடன் வந்தது.

இன்று அங்கே தங்கும் பயணியை யாரும் கண்காணிப்பதில்லை. மெட்ரோ ரயிலில் ஏறினால் பார்க் ஸ்ட்ரீட்டின் விளக்குகளும் இசையும் காத்திருக்கின்றன. அவற்றை ரசிப்பது குற்றமன்று.

சோதனை நள்ளிரவில் வருகிறது. பலர் சேர்ந்து உறங்கும் விடுதி அறைக்கு அவன் திரும்புகிறான். அடுத்த கட்டிலில், அதிகாலை ரயிலைப் பிடிக்க வேண்டிய ஒருவர் அயர்ந்து உறங்குகிறார். விளக்கைப் போடுவதா, இருளில் தடவிச் சென்று படுப்பதா? பார்ப்பவர் எவருமில்லை, அவரை மீண்டும் சந்திக்கப் போவதுமில்லை. புகழும் பழியும் எட்டாத அந்தக் கணத்தில் அவன் செய்வதே அவனது உண்மையான ஒழுக்கம். சொந்த ஊரில் பிறர் கண்ணுக்கு அஞ்சிக் காத்து வந்தது பழக்கம் மட்டுமே.

பிறர் காவல் நீங்கிய இடத்தில் தன்னைத் தானே காத்துக்கொள்பவன் எந்த நகரிலும் சுதந்திரமானவன்.