கயிற்றைப் பிடி, வாயைத் திற

தனியாகத் தாங்கிக்கொள் என்று உனக்கு யார் சொன்னது? பல்லைக் கடித்துக்கொள், கண்ணீரை விழுங்கு, உன் பலமெல்லாம் உனக்குள்ளேயே இருக்கிறது என்று மேடைக்கு மேடை முழங்குகிறார்கள். அதை நம்பிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நொறுங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்! தம்பி, தங்கச்சி, புத்தளக் கரையைச் சாட்சி வைத்துச் சொல்கிறேன்: தனியே நின்று துன்பத்தை வென்றவர் இந்தக் கரையில் எவரும் இல்லை. வென்றவர்கள் எல்லாரும் கூடி நின்றார்கள், கூடிப் பாடினார்கள், கூடி வேண்டினார்கள். கூச்சத்தை விட்டுவிட்டு நீயும் அதையே செய்!

நம்பிக்கை வரவில்லையா? உடப்புக்குப் போய்ப் பார். சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் நடுவே, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்புமாகக் கிடக்கும் மணல் மேட்டில் நிற்கிற தமிழ்க் கிராமம் அது. மேற்குக் கடல் அடங்கிக் கிடக்கும் மாதங்களில் அங்கே கரைவலை வளைப்பார்கள். கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் விட்டுவிட்டுத் தோணி கடலுக்குள் போகும். வலையை அரைவட்டமாக இறக்கிக்கொண்டே வந்து, மறு தலைப்பைத் தூரத்தில் கரைசேர்க்கும். பிறகுதான் உண்மையான பாடு. இரண்டு கயிற்றிலும் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். குதிகாலை மணலில் புதைத்து, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, அடி அடியாகப் பின்னோக்கி நடப்பார்கள். மேட்டுக்குப் போய்ச் சேர்ந்த கடைசி ஆள் கயிற்றை விட்டுவிட்டு ஓடி வந்து, அலைவாயில் முதல் ஆளாகப் பிடிப்பார். மணிக்கணக்காக இதே நடை. உப்பும் கயிறும் உரசி உள்ளங்கை எரியும். வெயில் ஏறும். வலை அசைந்ததாகவே தெரியாது.

அந்த நேரத்தில் ஒருவர் அம்பா என்னும் வலைப் பாட்டை எடுத்துக்கொடுப்பார். அடுத்த நொடி வரிசை முழுவதும் அதை வாங்கிப் பாடும். பாட்டின் அடி எங்கே விழுகிறதோ அங்கே எல்லாருடைய தோளும் ஒன்றாக விழும். இருபது பேர் இருபது நேரத்தில் இழுத்தால் கடல் சிரிக்கும். ஒரே நொடியில் இழுத்தால் கடல் விட்டுக்கொடுக்கும். இதில் மாயம் ஒன்றும் கிடையாது. தளர்ந்துபோனவனின் கையையும் தாளம் தூக்கிவிடுகிறது, பக்கத்தில் நிற்பவனின் மூச்சு இவன் மூச்சைப் பிடித்து இழுக்கிறது, அவ்வளவுதான். வலையின் மடி வெறுமையாகக் கரையேறும் நாளும் உண்டு. மறுநாள் விடியலில் அதே ஆட்கள் அதே கயிற்றில், அதே பாட்டோடு நிற்பார்கள். மன உறுதி என்றால் என்னவென்று உனக்கு ஒரு புத்தகமும் சொல்லித்தர வேண்டாம். இதைப் பார்த்தால் போதும்!

அதே ஊரில் திரௌபதை அம்மன் கோவில் இருக்கிறது. ஆண்டுதோறும் திருவிழா பதினெட்டு நாள், முடிவில் தீமிதிப்பு. யார் இந்தத் திரௌபதை என்று யோசித்திருக்கிறாயா? சபை நடுவே அவமானப்பட்டவள். நாட்டை இழந்து, பன்னிரண்டு ஆண்டு காட்டிலும் ஓராண்டு மறைந்தும் வாழ்ந்தவள். அரண்மனையில் சொகுசாக இருந்த எத்தனையோ அரசிகள் கதையில் இருக்க, வீடிழந்தவளைத் தாயாக எடுத்து வைத்திருக்கிறார்கள் இந்தக் கடல் மக்கள். அவள் பட்ட பாட்டை ஊர் கூடிக் கேட்டு, கடைசியில் நெருப்பில் இறங்குகிறார்கள். வலியைக் கதையாகச் சொல்லவும் விழாவாக நடத்தவும் தெரிந்த ஊரை எந்தப் புயலும் அவ்வளவு எளிதில் கலைத்துவிட முடியாது.

இனி வடக்கே, கற்பிட்டிப் பக்கம் வா. 1990 அக்டோபர். வட மாகாணத்து முஸ்லிம்கள் எல்லாரும் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். யாழ்ப்பாண நகரில் அக்டோபர் 30ஆம் திகதி. கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். ஐந்து மாவட்டங்களிலும் சேர்த்து ஏறத்தாழ 75,000 பேர். தலைமுறை தலைமுறையாய்ச் சேர்த்த வீடு, நகை, கடை, வயல், எல்லாம் போயிற்று; மாற்றுடுப்பும் சில நூறு ரூபாயும் மிச்சம். தமிழ் பேசும் மக்களைத் தமிழ் பேசும் ஓர் இயக்கமே விரட்டியது. இதை மழுப்பாமல் சொல்ல நமக்குத் துணிவு வேண்டும். அந்தத் துணிவும் தன்னம்பிக்கையில் ஒரு பகுதிதான். மன்னாரிலிருந்து பலர் கடல்வழியாகக் கற்பிட்டியில் வந்து இறங்கினார்கள். யாழ்ப்பாணத்தார் வவுனியா வழியாக நடந்தும் வாகனம் பிடித்தும் வந்தார்கள். பெரும்பாலானோருக்குப் புத்தளமே புகலிடம்.

புத்தளம் என்ன செய்தது? பள்ளிவாசலைத் திறந்தது. பள்ளிக்கூடத்தைத் திறந்தது. அடுப்பை மூட்டியது. தானே ஏழையாக இருந்த ஊர் அது. கி.பி. 622இல் மக்காவிலிருந்து வெளியேறி வந்தவர்களை மதீனாவின் அன்சார்கள் வீட்டுக்குள் அழைத்துப் பாதியைப் பங்கிட்டுக் கொடுத்த வரலாற்றை அவர்கள் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள். கேட்ட கதை அன்றைக்குக் கையும் காலும் பெற்று எழுந்து நின்றது. பின்னாளில் தண்ணீருக்கும் பள்ளிக்கூட இடத்துக்கும் வேலைக்கும் போட்டி வந்து, வந்தவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் மனக்கசப்பு வளர்ந்ததும் உண்மைதான். ஆனாலும் முதல் இரவில் திறந்த கதவை அந்தக் கசப்பு இல்லையென்று ஆக்கிவிடாது.

வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பது இன்னும் பெரிது. ஓலைக் குடிசைகளுக்கு நடுவே ஓலையாலேயே தொழுமிடம் எழுப்பினார்கள். பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்து ஓதக் கற்றுக்கொடுத்தார்கள். ஊர் ஊராகச் சேர்ந்தே குடியேறினார்கள். மன்னார் எருக்கலம்பிட்டியார் பாலாவிக்குப் பக்கத்தில் நாகவில்லுவில் தங்கி, தங்கள் ஊர்ப் பெயரிலேயே பள்ளிக்கூடமும் நடத்தினார்கள். நிலத்தைப் பறித்தவனால் பெயரைப் பறிக்க முடியவில்லை, பார்! அதே எருக்கலம்பிட்டியின் பிள்ளைதான் பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியல் பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ். 2018இல் மறையும் வரை, தம் மக்கள் எதை எதை இழந்தார்கள் என்று கணக்கெடுத்து, எழுதி, உலகத்தின் முன்னால் வைத்துக்கொண்டே இருந்தார். துஆவும் கேட்டார்கள், கணக்கும் கேட்டார்கள். இரண்டும் சேர்ந்தால்தான் வீரியம். இறைவனிடம் கையேந்திவிட்டு உரிமையைக் கேட்காமல் படுத்துவிடுவதை நான் பக்தி என்று ஏற்கமாட்டேன்.

எல்லாம் இழந்த பிறகும் கூடி எழுவது என்னும் இந்தப் பாடத்தை நெடுங்காலம் படித்தவர்கள் யூதர்கள். கி.மு. 586இல் பாபிலோன் படை எருசலேம் ஆலயத்தை எரித்து மக்களை நாடு கடத்தியது. மீண்டும் எழுப்பிய ஆலயத்தைக் கி.பி. 70இல் ரோமர்கள் இடித்தார்கள். கோவிலே மையமாக இருந்த ஒரு மக்களுக்குக் கோவிலே இல்லாமல் போனால் என்ன மிஞ்சும்? மேசை மிஞ்சியது. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் விளக்கேற்றி, அப்பத்தைப் பகிர்ந்து, வீட்டார் எல்லாரும் பாடும் ஓய்வுநாள் மிஞ்சியது. எகிப்தில் அடிமையாய்க் கிடந்து மீண்ட கதையைப் பஸ்கா இரவில், வீட்டின் கடைக்குட்டி கேள்வி கேட்கப் பெரியவர்கள் பதில் சொல்லும் வழக்கம் மிஞ்சியது. கசப்புக் கீரையை நாக்கில் வைத்துவிட்டுத்தான் அந்த விருந்து நடக்கும். பட்ட கசப்பை மறைக்காதே, பிள்ளைக்கும் ருசி காட்டு, பிறகு பாடு! எப்பேர்ப்பட்ட துணிச்சல் இது!

அவர்களுடைய வழக்கங்களில் இரண்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது. இறந்தவருக்காகச் சொல்லும் கதிஷ் வேண்டுதலைத் தனியாகச் சொல்லக் கூடாது. பத்துப் பேர் கூட வேண்டும். தாயை இழந்தவன் அழுதுகொண்டு மூலையில் கிடக்க முடியாது. ஒன்பது பேரைத் தேடி வெளியே வந்தாக வேண்டும், அந்த ஒன்பது பேரும் வந்தாக வேண்டும். மற்றது, அடக்கம் முடிந்து வந்ததும் துக்க வீட்டார் உண்ணும் முதல் சாப்பாடு அவர்களுடையதாக இருக்கக் கூடாது. அயலவர் கொண்டுவர வேண்டும். நம் கரையிலும் இழவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லையே! பக்கத்து வீட்டிலிருந்துதானே சோறு போகிறது! எங்கேயோ கிடக்கும் எருசலேமும் இங்கே புத்தளக் கரையில் கிடக்கும் முந்தலும் ஒரே உண்மையைத் தனித்தனியாகக் கண்டுபிடித்திருக்கின்றன: துக்கப்படுகிறவனிடம் சமைக்கச் சொல்லாதே.

பாட்டிலும் அந்த உறவு உண்டு. தாவீது அரசனின் பெயரால் வழங்கும் 150 சங்கீதங்களை யூதர்கள் ஆபத்து நேரத்தில் ஓதுகிறார்கள். அதே சங்கீதங்கள் கற்பிட்டிக் குடாநாட்டில் தலவில புனித அன்னம்மாள் கோவிலின் பூசையிலும் ஒலிக்கின்றன. அதே தாவீதைத் தாவூது நபி என்று பள்ளிவாசல் போற்றுகிறது. அவருக்கு அருளப்பட்ட வேதத்தை ஸபூர் என்கிறது. 18ஆம் நூற்றாண்டில் கிழக்கு ஐரோப்பாவின் ஏழை யூதக் கிராமங்களில் ஹசிதியர்கள் என்னும் பக்தி இயக்கத்தார் சொல்லே இல்லாத மெட்டுகளைக் கூடிப் பாடத் தொடங்கினார்கள். நிகுன் என்பார்கள். சொல்ல முடியாத அளவு வலி இருந்தால் சொல்லை விட்டுவிடு, மெட்டை மட்டும் பிடித்துக்கொள். படிக்காதவனும் பாடலாம், தொண்டை அடைத்தவனும் பாடலாம். கொச்சியில் வாழ்ந்த யூதப் பெண்கள் மலையாளப் பாட்டுகளைக் கையெழுத்துக் குறிப்பேடுகளில் எழுதி வைத்துக் கூடிப் பாடினார்கள். 1950களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது அந்தக் குறிப்பேடுகளும் கூடவே போயின.

இதற்கு ஏன் கொச்சி வரை போகவேண்டும்? புத்தளம் நகரத்துக்குப் பக்கத்தில் சிரம்பியடி இருக்கிறது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் படைவேலைக்கென்று கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கிறார்கள். தாய்நாட்டின் மொழி போயிற்று. பிறகு பேசிய போர்த்துக்கேயக் கிரியோலும் அன்றாடப் பேச்சிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது. மஞ்சா என்னும் பாட்டு மட்டும் போகவில்லை. கையில் கிடைத்த சிரட்டை, போத்தல், கரண்டி, றபான் மேளம் இவைதான் வாத்தியம். மெதுவாகத் தொடங்கி, வேகம் பிடித்து, கடைசியில் உட்கார்ந்திருப்பவர்களையும் எழுப்பிவிடும். இரண்டு மொழியை இழந்த மக்கள் சிரட்டையையும் கரண்டியையும் தட்டி நிமிர்ந்து நிற்கிறார்கள். என்னிடம் ஒன்றுமில்லை என்று நீ எந்த வாயால் சொல்கிறாய்?

ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்லிவிட வேண்டும். கூட்டம் சேர்ந்தாலே ஊராகிவிடாது. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளுக்குப் பிறகு, மே மாதத்தில் இந்த மாவட்டத்திலும் கூட்டம் சேர்ந்தது. சிலாபத்தில் கல்லெறிந்தது, கொட்டாரமுல்லையில் ஒரு தச்சரைக் கொன்றது. அவர்களும் ஒரே நேரத்தில்தான் கையை ஓங்கினார்கள். ஆகவே நீ சேரும் கூட்டம் எதைப் பிடித்து இழுக்கிறது என்று பார். பசித்தவனுக்குச் சோறு வருகிறதா, பயந்தவனுக்குத் திண்ணை கிடைக்கிறதா, வேற்று மதத்துக்காரன் நடுங்காமல் உன் தெருவில் நடக்கிறானா? இல்லையென்றால் அந்தக் கயிற்றை அந்த நொடியே விடு. விடுவதற்குத்தான் அதிகத் துணிவு வேண்டும்.

2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் இயந்திரப் படகுகள் கரையில் கிடந்ததை மறந்துவிட்டாயா? விலைவாசி ஏறி, வேலை போய், கடவுச்சீட்டு அலுவலக வாசலில் இளைஞர்கள் இரவு முழுக்கக் காத்திருந்தார்களே! அந்த அடியிலிருந்து எழும்பாத வீடுகள் இன்னும் இருக்கின்றன. உன் வீடும் அப்படியென்றால் கேள். முதலில் வாயைத் திற. கடன் என்றால் கடன் என்று சொல், பயம் என்றால் பயம் என்று சொல், நம்பக்கூடிய ஒரே ஒருவரிடமாவது சொல். மாமியிடம் சொல், மௌலவியிடம் சொல், பாதரிடம் சொல், கூடப் படித்தவனிடம் சொல். இரவில் உயிரே வேண்டாம் என்று தோன்றினால் விடியும்வரை காத்திருக்காதே. அந்த இரவிலேயே கதவைத் தட்டு, வைத்தியசாலைக்குப் போ. உதவி கேட்பது இழிவென்று நினைக்காதே. கரைவலையைத் தனியாக இழுத்த வீரன் உடப்பில் இதுவரை பிறக்கவில்லை!

வாரத்தில் ஒரு பொழுதை வெட்டி எடு. ஜும்மாவோ, ஞாயிறு பூசையோ, வெள்ளிக்கிழமை அம்மன் வாசலோ, கடவுள் நம்பிக்கையே இல்லையென்றால் வாசிகசாலைத் திண்ணையோ, எங்கேயாவது நாலு பேரோடு உட்கார். கைபேசியை மூடு. சேர்ந்து சாப்பிடு, சேர்ந்து பாடு. குரல் நன்றாக இல்லையே என்கிறாயா? வலை இழுப்பவன் குரலை யார் பரீட்சை வைத்துப் பார்த்தார்கள்?

ஒரு வேலையும் தருகிறேன். பல கரைகளில் உழவு இயந்திரத்தில் சுழல்பொறி பூட்டி வலை இழுக்கும் வழக்கமும் வந்தது. இயந்திரத்துக்கு அம்பா தேவையில்லை. அந்தப் பாட்டுகளை முழுசாகத் தெரிந்தவர்கள் வயதாகித் திண்ணைகளில் இருக்கிறார்கள். கேட்க வருவார் இல்லை. இந்த ஞாயிறே போ. உடப்பென்றாலும் சரி, முந்தல், கற்பிட்டி, சிரம்பியடி என்றாலும் சரி, உனக்குப் பக்கத்தில் இருக்கும் ஊருக்குப் போ. கைபேசியை ஒலிப்பதிவில் போட்டு வைத்துவிட்டு, “அப்பு, ஒன்றை எடுத்து விடுங்கோ” என்று கேள். அவர் முதல் அடியைப் பாடி நிறுத்துவார். தொடுத்துப் பாட ஆள் இல்லாமல் அம்பா நகராது. உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்காதே, அந்த இரண்டாவது அடியை நீ பாடு!