வாலிபர் சங்கமும் பிறர் சம்மதமும்

சுதந்தரத்தைப் போதிக்கும் சங்கமொன்று, அதனைப் பெறும்பொருட்டுப் பிறருடைய சுதந்தரத்தைத் தடுத்தல் தருமமாகுமோ என்பது, இளைஞரைக் கூட்டிச் சங்கம் நடாத்தும் ஆசிரிய அன்பர்கள் சிந்திக்கற்பாலதாம்.

யாழ்ப்பாணத்து வாலிபர் காங்கிரஸின் சரித்திரத்தை ஈண்டு நோக்குக. 1924 ஆம் ஆண்டில் மாணவர் காங்கிரஸ் என்னும் பெயரோடு தோன்றிய அச்சபைக்கு மூலபுருடராய் நின்றவர் ஹண்டி பேரின்பநாயகம் அவர்கள். கிறிஸ்தவ குடும்பத்திற் பிறந்த அவர் பிற்காலத்திற் கொக்குவில் இந்துக் கல்லூரிக்கு அதிபராயினமை, சமயபேதம் பாராட்டாமை அவர்பால் வெறும் வாய்ப்பேச்சன்று என்பதைக் காட்டும். 1927 இல் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்ததும் இம்மாணவர் அழைப்பினாலேயாம். பாடசாலைகளிற் சகல சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வேண்டுமென அவர்கள் வாதாடியபொழுது நம்மவருட் பலர் எதிர்த்து நின்றனர். அவ்வெதிர்ப்பு நமக்குப் பெருமை தருவதன்று.

இத்தகையோரே 1931 இல் டொனமூர்த் திட்டம் பூரண சுயராச்சியம் தந்திலதெனக் கூறி, அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தார்கள். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை என்னும் நான்கு தொகுதிகளிலும் நியமனப் பத்திரம் கொடுப்பார் ஒருவருமிலராயினர். அவை 1934 வரை வெறிதாய்க் கிடந்தன. அதுகாறும் நூற்றுக்கு நால்வரளவில் இருந்த வாக்குரிமை, அத்தேர்தலிலேதான் இருபத்தொரு வயதடைந்த ஆண் பெண் யாவர்க்கும் முதன்முறை வந்தது. சம ஆசனத்துக்காக எவர்பொருட்டு வாதாடினார்களோ, அவர்களுடைய பெற்றோரும் அவ்வுரிமை பெற்றவருள் அடங்குவர். மன்னார்–முல்லைத்தீவுத் தொகுதி பகிஷ்காரத்திற் சேர்ந்திலது. ஆகவே மன்னாரிலே ஒரு வலைஞன் மனைவி வாக்களிக்கலாம். நல்லூரிலே அவள்போல்வாள் அளித்தற்கு வழியில்லை.

அபேட்சகர்கள் தாமே விலகினர், எவரையும் நிர்ப்பந்தித்திலரே என்பாருமுளர். அஃது உண்மையே, அவர் தியாகமும் சிறியதன்று. ஆயின் நிற்பவர் சம்மதம் வாக்காளர் சம்மதமாகாது. தான் வாக்களியாதிருத்தல் ஒருவனுடைய சுதந்தரம். பிறன் வாக்களிக்க இடமின்றிச் செய்தல் வேறு. அவர்கள் உயர்ந்த நோக்கத்தாற் பிழைத்தார்கள் என்றே யான் கொள்கின்றேன்.

மன்னார்த் தீவிலும் மாந்தைக் கரையிலும் இஃது இன்னும் நுண்ணிதாக நோக்கத்தக்கது. திருக்கேதீச்சரத்துச் சைவரும், வங்காலைக் கத்தோலிக்கரும், எருக்கலம்பிட்டி முஸ்லிம்களும் அயலவராய் வாழும் நாடு இது. பேசாலைக் கடலோரத்திற் கரைவலை இழுப்போர் ஒருசேர இழாவிடின் மீன் கரையேறாது. இவ்வொருமையைக் கண்டு பழகிய நம் பிள்ளைகள், சங்கத்திலும் ஒருகுரலே வேண்டுமென எளிதில் எண்ணிவிடுவார்கள். கருத்து மீனன்று. கூட்டத்தில் மறுத்துரைத்தவன் பெயரும் நியாயமும் அறிக்கைப் புத்தகத்தில் எழுதப்படல் வேண்டும். சிறு தொகையினர் கருத்தை எழுதாது விடும் காரியதரிசியை ஆசிரியர் கண்டித்தல் தகும். ஆசிரியர் தலைமை நாற்காலியில் அமராது பின்வரிசையிலிருந்து கேட்பாராயின், அம்மறுப்பு தமக்கெதிராகவும் எழுதல்கூடும்; எழுந்தால் அதுவும் அப்புத்தகத்திலேயே எழுதப்படுக.