நடுவில் நிற்பவள்

ஒரு கடைக்காரரை நல்லவர் என்று ஊர் எப்போது சொல்கிறது? ஆடி வெள்ளிக்குக் கூழ் ஊற்றினால் சொல்கிறது. அரசுப் பள்ளிக்கு நோட்டுப்புத்தகம் கொடுத்தால், குடமுழுக்குக்கு நன்கொடை எழுதினால், சித்திரை வெயிலில் வாசலில் மோர்ப்பந்தல் போட்டால் சொல்கிறது. இவற்றில் எதையும் நான் குறைத்துப் பேசவில்லை. வெயிலில் நடந்து வந்தவருக்கு ஒரு குவளை மோர் பெரிய விஷயம்தான். ஆனால் அந்தப் பந்தலுக்குப் பின்னால், கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, காலை ஒன்பதரைக்கு நிற்கத் தொடங்கி இரவு ஒன்பது வரை நிற்கிற பெண் மதியத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும். கழிப்பறை கடையில் இல்லை. அல்லது இருக்கிறது, சாவி மேலாளரிடம் இருக்கிறது.

சமூகம் என்றால் கடைக்கு வெளியே இருப்பது என்ற எண்ணம் நமக்குள் ஆழமாகப் பதிந்திருக்கிறது. சட்டமும் அப்படித்தான் எண்ணுகிறது. 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், பிரிவு 135, பெரிய நிறுவனங்கள் தம் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ இருந்தால்தான் அந்தக் கடமை. நம் தெருமுனைத் துணிக்கடைக்கு அது பொருந்தாது. அது போகட்டும். சொந்த ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் செலவை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது என்று அதன் விதிகள் சொல்கின்றன. அதில் நியாயம் இருக்கிறது. ஊழியருக்குச் செய்வது தருமம் அல்ல, கொடுத்தே ஆக வேண்டியது. அதைக் காட்டிப் பெயர் வாங்கக் கூடாது. ஆனால் இந்த நியாயம் ஊருக்கு வந்து சேரும்போது தலைகீழாகிவிடுகிறது. உள்ளே இருப்பவளுக்குச் செய்வதில் பெயரும் இல்லை, புகைப்படமும் இல்லை. ஆகவே செய்யப்படுவதும் இல்லை.

நான் தமிழ் கற்பிக்கிறவள். இளங்கலை வகுப்பில் ‘நடுவு நிலைமை’ அதிகாரம் நடத்தும்போது, வணிகரைப் பற்றிய அதன் கடைசிக் குறளுக்குத் துணையாகப் பட்டினப்பாலையைச் சொல்வது என் வழக்கம். புகார் நகரத்து வணிகரை அந்தப் பாட்டு புகழ்கிறது: வாங்கும்போது மிகுதியாக வாங்க மாட்டார்கள், கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்க மாட்டார்கள். ஓராண்டு, பின் வரிசையில் இருந்து ஒரு மாணவி கேட்டாள். “வாங்குறவங்களுக்கு நியாயம், விக்கிறவங்களுக்கு நியாயம். சரிம்மா. நடுவுல நிக்கிறவளுக்கு?” வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. சனி, ஞாயிறு முழுநாளும், பண்டிகை மாதங்களில் கல்லூரி விட்டபின் இரவு வரையும் ஒரு ஜவுளிக்கடையில் புடவை விரித்துக் காட்டுகிற வேலை அவளுக்கு. கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்திருப்பதைப் பத்தொன்பது வயதில் அவள் எனக்குக் காட்டினாள்.

அவள் கேட்டது இலக்கியக் கேள்வி. நம் பழம்பாட்டுகளில் விற்கிற பெண்கள் உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் மோர் விற்கும் ஆயர் பெண் நெய்க்கு விலையாகப் பொன்னை வாங்க மறுத்து, எருமையும் பசுவும் கேட்டுப் பெறுகிறாள். எனக்கு மிகவும் பிடித்தவள் அவள், கணக்குத் தெரிந்தவள். ஆனால் அவள் தன் சரக்கைத் தானே விற்கிறாள். இன்னொருவர் சரக்கை, இன்னொருவர் கூரையின் கீழ், கூலிக்கு நின்று விற்கிற பெண்ணுக்கு வணிக அறத்தில் இடம் தேடினால் கிடைப்பதில்லை. எடையும் விலையும் சரியாக இருந்தால் வணிகர் அறவோர் ஆகிவிடுகிறார். தராசைப் பிடித்திருக்கும் கை யாருடையது, அது எத்தனை மணி நேரமாகப் பிடித்திருக்கிறது என்ற கேள்வி தராசில் ஏறுவதில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டு வாங்கியவர்கள் பெண்கள்தான். கோழிக்கோட்டில் தையல் தொழிலாளியான விஜி 2009-இல் தொடங்கிய ‘பெண்கூட்டு’ முதலில் கேட்டது கழிப்பறை. பிறகு கேட்டது உட்காரும் உரிமை. 2018-இல் கேரளம் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. 2021-இல் தமிழ்நாடும் 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தது. தொழிற்சாலையில் நின்று வேலை செய்பவருக்கு உட்கார வசதி வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், பிரிவு 44, அன்றைக்கே சொல்லிவிட்டது. அந்த நியாயம் தொழிற்சாலையிலிருந்து தெரு தாண்டி நம் கடைக்கு வந்து சேர 73 ஆண்டுகள் பிடித்தன. நடுவில் 2010-இல் ‘அங்காடித் தெரு’ படம் வந்தது. பார்த்து அழுதோம். அழுதுவிட்டு அதே ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்குத் துணி எடுத்தோம்.

சட்டம் சொல்வது இதுதான்: வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்பு நேரும்போதெல்லாம் உட்கார்ந்துகொள்ள ஏற்ற இருக்கை இருக்க வேண்டும். இருக்கை வந்துவிடும். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் சில நூறு ரூபாய். ‘வாய்ப்பு’ எப்போது வரும் என்று யார் முடிவு செய்வது? கூட்டம் இல்லாதபோது துணி மடிக்கச் சொல்லலாம், தூசி தட்டச் சொல்லலாம். ஸ்டூலின் மேல் புடவைக் கட்டு வைத்திருக்கும் கடைகளை நானே பார்த்திருக்கிறேன்.

ஆக, காசு இங்கே தடை அல்ல. நிற்பது என்பது நம் ஊரில் ஒரு மொழி. மாமனார் வந்தால் எழுந்து நிற்பது, பண்ணையார் முன் துண்டை இடுப்பில் கட்டி நிற்பது என்று அந்த மொழியை எல்லோரும் கற்றிருக்கிறோம். 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவியைக் கூட்டத்தில் தரையில் உட்காரவைத்த படம் செய்தியானதே, நினைவிருக்கிறதா? தலைவி என்ற பதவி கொடுத்தாலும் நாற்காலி கொடுக்க மனம் வராத ஊர் இது. கடையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்து, “ஆள் வந்தா எந்திரிக்கக்கூடத் தெரியல” என்று கல்லாவில் புகார் சொல்பவர்களில் நம்மைப் போன்ற பெண்களும் உண்டு.

இப்போது என் தோழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னோடு முதுகலை படித்தவள். வேலை கிடைக்காமல், அப்பாவின் சிறிய கைத்தறிப் புடவைக் கடையை எடுத்து நடத்துகிறாள். பக்கத்து அறையில் ரவிக்கை தைக்கிறார்கள். கல்லாவும் தையலும் சேர்த்து ஒன்பது பெண்கள். சட்டம் வருவதற்கு முன்பே அவள் கடையில் ஸ்டூல் இருந்தது. வாடகைக் கட்டடம் என்பதால் கட்டட உரிமையாளரோடு ஒரு வருடம் போராடி, பாதிச் செலவைத் தானே ஏற்றுக் கழிப்பறை கட்டினாள். ஸ்டூல் போல அது சுலபம் அல்ல. ஜிஎஸ்டி, நெசவாளருக்கு முன்பணம், கைப்பேசியில் பாதி விலைக்கு விற்கிற போட்டி என்று அவள் தலைமேல் உள்ள பாரமும் சின்னது அல்ல. சிறுகடைக்காரரை எடுத்த எடுப்பில் சுரண்டல்காரர் என்று எழுதிவிடும் கட்டுரைகளில் எனக்கு ஈடுபாடு இல்லை.

“இவங்கள்லாம் எங்க வீட்டுப் பொண்ணுங்க மாதிரி” என்பாள். அதில் ஒருவருக்கு ஐம்பத்திரண்டு வயது. நான் சொல்வேன்: “வீட்டுப் பொண்ணுங்க மாதிரின்னு சொல்லாதடி. வீட்டுலதான் நமக்குச் சம்பளமே கிடையாது.” நேரக் கணக்கு இல்லாமல், விடுப்பு இல்லாமல், அன்பின் பெயரால் பெண்ணின் உழைப்பு கரைந்துபோகும் முதல் இடம் குடும்பம்தானே. குடும்பம் மாதிரி என்று ஒரு முதலாளி சொல்லும்போது, உண்மையான பாசத்தோடே சொன்னாலும், என் காதில் அது எச்சரிக்கையாகவே விழுகிறது.

2020 பொதுமுடக்கத்தில் கடை மூடிக்கிடந்த மாதங்களிலும் அவள் பாதிச் சம்பளம் கொடுத்தாள். நகை அடகு வைத்துக் கொடுத்தாள். அந்தத் தெருவில் வேறு யாரும் கொடுக்கவில்லை. ஆனால் அது கூலியா, கடனா, உதவியா என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. அவர்களும் கேட்கவில்லை. கடை திறந்தபின் மாதாமாதம் சம்பளக் கவரை வாங்கும்போது ‘இந்த மாசம் பிடிப்பாங்களோ’ என்று பயந்ததாக, தீபாவளி போனஸ் வராது என்றே முடிவுகட்டியிருந்ததாக, தையல் அறையில் உள்ள அக்கா ஒருவர் பின்னாளில் என்னிடம் சொன்னார். அவள் ஒரு ரூபாய்கூடப் பிடிக்கவில்லை. ஆனாலும் ஒன்பது பெண்கள் பல மாதங்கள் அந்தப் பயத்தோடு வாழ்ந்தார்கள்.

இந்தக் கட்டுரையை எழுதவைத்தது அந்தப் பயம்தான். கெட்ட முதலாளியிடம் இருக்கும் பயத்தை நாம் எளிதில் புரிந்துகொள்கிறோம். நல்ல முதலாளியிடம் ஏன் பயம்? அவளுடைய நல்ல மனம்தான் அவர்களுடைய சம்பளம், அவர்களுடைய ஸ்டூல், அவர்களுடைய கழிப்பறை. மனம் நாளை மாறலாம் என்பதல்ல. மாறாமலே இருந்தாலும், மாறாமல் இருக்கட்டும் என்று தினமும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. கணவர் நல்லவர்தான், அடிக்க மாட்டார், பணமும் கொடுப்பார் என்று சொல்லும் எத்தனை பெண்களை நமக்குத் தெரியும்! அவர்களும் இப்படித்தான் முகம் பார்க்கிறார்கள். ஈகை பெறுபவருடைய கண்கள் எப்போதும் கொடுப்பவர் முகத்தில்தான் இருக்கும். உரிமை உள்ளவள் குனிந்து தன் வேலையைப் பார்க்கலாம்.

நாங்கள் பேசினோம், சண்டையும் போட்டோம். முடிவில் அவள் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாள்: சம்பளத் தேதி, வார விடுமுறை, கூடுதல் நேரக் கூலி, வாடிக்கையாளர் முன்னும் உட்காரலாம் என்பது, முன்பணத்தை எப்படித் திருப்புவது என்பது. மூன்றாம் மாதம், கூடுதலாக நின்ற இரண்டு மணி நேரத்துக்குக் கூலி வரவில்லை என்று ஒரு பெண் அந்தத் தாளைக் காட்டிக் கேட்டாள். தோழி கொடுத்துவிட்டாள். அன்றிரவு என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். “நகை வச்சுக் கொடுத்தேன்டி. அவ ரெண்டு மணி நேரத்துக்குச் சட்டம் பேசுறா.” குரல் உடைந்திருந்தது. அந்த வலி பொய் இல்லை. நன்றியை இழக்கிற வலி அது. ஸ்டூலுக்கும் கழிப்பறைக்கும் ஆகும் செலவை எழுதிவிடலாம். எழுத முடியாத செலவு இது. ஆண் முதலாளிகளை விட நமக்கு இது கூடுதலாகவே வலிக்கிறது என்று நினைக்கிறேன். நல்லவள் என்ற பெயருக்காகவே வளர்க்கப்பட்டவர்கள் அல்லவா நாம்.

இப்போது இன்னொரு சிக்கல். தையல் வேலை பெருகி, பத்தாவது ஆள் தேவைப்படுகிறது. கணக்கு பார்ப்பவர் சொன்னாராம்: “ஒம்பதோட நிறுத்திக்குங்க மேடம், பத்துன்னா தொல்லை.” அவர் சொன்னதில் தகவல் பிழை இல்லை. 2013-ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி பத்துப் பேர் இருந்தால் கடைக்குள்ளேயே புகார்க் குழு அமைக்க வேண்டும். குறைந்தால் மாவட்ட அளவில் உள்ள குழுவிடம்தான் போக வேண்டும். கடைகளுக்கான மகப்பேறு நலச் சட்டமும் பத்து என்ற அதே கோட்டைத்தான் போட்டது. 2017-இல் விடுப்பு 26 வாரமாக உயர்ந்ததும் அந்தக் கோட்டுக்கு மேலே இருப்பவர்களுக்குத்தான். ஒன்பதாவது பெண்ணின் கர்ப்பமும் பத்து மாதம்தான். ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அவள் தெரிவதில்லை. நம் தெருக்களில் எத்தனை கடைகள் ஒன்பதோடு நிற்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். எட்டு வருகைப் பதிவேட்டில், நான்கு பதிவேட்டுக்கு வெளியே.

தோழி பத்தாவது ஆளை எடுப்பதென்று முடிவு செய்துவிட்டாள். குழுவுக்கு வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் வேண்டும், நீ வாயேன் என்றாள். நான் மறுத்தேன். நான் முதலாளியின் தோழி. அந்தக் கடையில் எனக்கு மட்டும் காபி வருகிறது. என் முன்னால் வந்து அவளைப் பற்றியோ அவள் தம்பியைப் பற்றியோ எந்தப் பெண் வாய் திறப்பாள்? அவளுக்குக் கோபம்தான். உன்னைவிட நியாயமா யாரு பேசுவா என்றாள். இரண்டு வாரம் கழித்து, தையல் அறை அக்காக்களிடமே கேட்டிருக்கிறாள். அவர்கள் தமக்குள் பேசி, வேறு ஊரில் தொழிற்சங்கத்தில் இருக்கும் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் தோழிக்கு முகம் சுருங்கிவிட்டதாம். தாளை எடுத்து எழுதிக்கொண்டாளாம்.